சுவருக்குக் கூரை தந்த முப்பிடாதி

தலைமை ஏற்று வீற்றிருக்கும் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி அவர்களே! இலத்தூரிலிருந்தும் சுரண்டையிலிருந்தும் வண்டி கட்டி வந்திருக்கும் பெரியோர்களே! குழைத்த செம்மண் இன்னும் நகக்கண்ணில் ஒட்டியிருக்க முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! அருவியில் குளிக்க வந்து எங்களோடு சேற்றில் குளித்த மாணவச் செல்வர்களே! உங்கள் அனைவருக்கும் என் மனங்கனிந்த வந்தனம்.

பங்குனி வெயிலில் பற்றிய தீ, சிற்றாற்றங்கரைக் குடிசைகளை எப்படிப் பொசுக்கியது என்பதை நான் சொல்ல வேண்டுமா? சாம்பல் ஆறுமுன் வந்து நின்றவர்கள் நீங்கள். கல் கொடுத்தவர் உண்டு. கழி கொடுத்தவர் உண்டு. கொடுக்க ஏதுமில்லாதவர் கையைக் கொடுத்தார். வீடிழந்த குடும்பங்கள் ஓலைக் குடில்களில் ஒதுங்கிக்கொண்டு, தங்கள் வீடுகளைத் தாங்களே எழுப்பின. மாதர் சங்கத்தார் நாங்கள் மண் சுமந்தோம்.

என்ன அண்ணாச்சி? "நீங்க சுமந்ததைவிடச் சிந்தினதுதான் அதிகம்" என்கிறீர்களா? உண்மைதான். சிந்தியதையும் கூட்டி அள்ளிச் சுவரில் வைத்தார்கள், மகராசிகள்!

மண்சுவர் அவசரத்துக்கு வளராது. ஒரு வரிசை வைத்து, அது காய்ந்த பிறகே அடுத்த வரிசை. சுவர் இடுப்பளவு எழுந்திருந்த ஒரு மாலையில், ஆனி பிறக்கும் முன்பே சாரல் இறங்கிவிட்டது. குற்றாலத்தில் ஊரே கொண்டாடுகிற சாரல்! ஈரச் சுவருக்கோ அதுவே எமன். மேற்கே கடைசியாக நின்றது நெசவாளர் மைதீன் வீட்டுச் சுவர். அன்று காலையில்தான் மண் வைத்திருந்தார்கள். மைதீனின் மனைவி ஹைருன் பீவி, நாலு மாதக் கர்ப்பிணி, தன் முந்தானையை விரித்துச் சுவரை மூடப் பார்த்தாள். முந்தானை எத்தனை முழம்? சுவர் எத்தனை முழம்?

அப்போது, தானும் வீடிழந்து பக்கத்துக் குடிலில் ஒதுங்கியிருந்த முப்பிடாதியம்மாள் தன் குடிலின்மேல் ஏறினாள். கூரையில் வேய்ந்திருந்த தென்னோலைக் கிடுகுகளைப் பிய்த்துக் கீழே எறிந்தாள்.

"யக்கா, என்ன செய்யுதீக? பிள்ளைக எங்கன படுக்கும்?" என்று மைதீன் பதறினார்.

"ஏலே, வாயப் பொளந்துக்கிட்டு நிக்காம வாங்கிப் போடுலே! சுவரு நனைஞ்சா கரைஞ்சிரும். நான் நனைஞ்சா கரைஞ்சா போவேன்?"

அன்பர்களே! இதைக் கேட்ட பிறகு எந்தக் குடிலில் கூரை நிற்கும்? தென்னங்கிடுகு வேய்ந்த ஒவ்வொரு கூரையும் இறங்கியது. ஒவ்வொரு சுவரும் முக்காடிட்டு நின்றது. மனிதர்கள் நனைந்தார்கள். சுவர்கள் பிழைத்தன. ஒரே ஒரு சுவர் மட்டும் சரிந்தது. யாருடையது? ஊர்ச் சுவருக்கெல்லாம் ஓடிவிட்டுக் கடைசியில் தன் சுவரிடம் திரும்பிய முப்பிடாதியுடையது.

அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறாள். என்னம்மா முப்பிடாதி?

"எம் பேர எதுக்கும்மா மேடையில இழுக்குதீக? ஹைருனு பிள்ளைக்குப் பேரு வைக்கப் போறாக, அதப் பேசுங்க!"

அதையும் பேசுவேன், தாயே. ஆனால், அந்தப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டச் சுவர் தந்தவள் நீயல்லவா?

கொடுக்க வந்தோம் என்று எண்ணியிருந்தேன்; பெற்றுக்கொண்டவர்கள் நாங்கள்தான். எத்தனையோ நாள் தனித்திருந்து யோசித்தும், இந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்று மற்ற எல்லா வீட்டிலும் விளக்கேற்றிக் குடிபுகப் போகிறார்கள். மறுபடி எழுப்பிய அவள் சுவர் இப்போதுதான் காய்ந்தது; அவள் வீட்டுக்கு மட்டும் கூரையில்லை. "அக்கா வீட்டுல புகை வாரவரைக்கும் எங்க அடுப்பு எரியாது" என்று ஹைருன் பீவி சொல்லிவிட்டாள். ஐப்பசி மேகமோ தலைக்குமேல் திரண்டு நிற்கிறது.

அவள் கூரைக்கென்று கடைசி வண்டிக் கிடுகு காலையில் வந்ததே, அது எங்கே என்கிறீர்களா? அண்ணாந்து பாருங்கள்! நமக்கு வெயில் படக்கூடாதென்று அதைப் பந்தலாகப் போட்டிருக்கிறார்கள்.

தலைவர் அவர்களே, அனுமதி தாருங்கள். தாய்மார்களே, எழுந்திருங்கள். மாணவர்களே, ஏணியை எடுங்கள். இந்தப் பந்தலைப் பிரித்து அந்த வீட்டை மூடுவோம். மழை வந்தால் வரட்டும். நனைந்தால் நாம் கரைந்தா போவோம்?

தலைவர் எழுந்துவிட்டார், மேல்துண்டை இடுப்பில் கட்டுகிறார். இனி எனக்குப் பேச்சில்லை. மண் தந்த கைகளுக்கும், மழையில் நின்ற தலைகளுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். வாருங்கள், கூரை போடுவோம்!