முழு மதிப்பெண் எடுத்த அண்ணி

டீ கொஞ்சம் ஆறினால்தான் எனக்குக் குடிக்கப் பிடிக்கும். எனக்காக அவசரப்பட வேண்டாம், ஐயா. கல்வித்துறையிலிருந்து விசாரிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முழுவதும் கேட்டால், என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அதனால் அவர்கள் எவ்வளவு தேறுகிறார்கள் என்று ஆராய்வதும் என் தொழில். முதலில் ஒரு தேர்வு, அப்புறம் பயிற்சி, கடைசியில் இன்னொரு தேர்வு. மதிப்பெண் ஏறினால் பயிற்சி நல்ல பயிற்சி. என் முந்தைய பயிற்சிகளில் ஏறவில்லை. இந்த முறையும் ஏறாவிட்டால் வேலை போய்விடும் என்று ஆராய்ச்சி மையத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஓர் ஆசிரியரை எடுத்துக்கொண்டு ஆழமாக ஆராய்வது என்று முடிவானது. அண்ணன் மனைவி கணக்கு டீச்சர். கேட்டதும், "அதுக்கென்ன தம்பி, நமக்குள்ள என்ன" என்று வந்து உட்கார்ந்து தேர்வை எழுதிவிட்டார். நூற்றுக்கு நூறு.

நூறு எடுத்தவரை அதற்கு மேல் எங்கே ஏற்றுவது? எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவன் ராப்பகலாகப் பாடுபட்டு ஒரு பயிற்சியைத் தயாரித்து வைத்திருக்கிறான். இவர் எல்லாவற்றையும் முன்பே தெரிந்துகொண்டு வந்து நிற்கிறார். சொந்தக்காரர் செய்கிற காரியமா இது?

ஆகவே அண்ணியைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது.

தவறாக எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை அடிக்கோடிட்டே எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பறைகளின் கடைசி பெஞ்சில் பல காலம் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிந்துவைத்திருந்தேன். பிள்ளை சரியான விடை சொன்னால் டீச்சர் "உட்காரு" என்பார். தப்பாகச் சொன்னால்தான் "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்பார். சரியான விடைக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. அண்ணியும் டீச்சர்தானே.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். "அண்ணி, ஆறை அரையால வகுத்தா?"

"பன்னெண்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அண்ணியின் கை தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. "பன்னெண்டுதானே தம்பி? ஆறுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னுதானே கேக்குறீங்க?"

அதைவிட அழகாக நானே விளக்க முடியாது. லேசாகப் புருவத்தைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அவர் கை கழுவும்போதும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் பின்னங்கள் ஆட்டம் கண்டன. பிறகு பெருக்கல் வாய்ப்பாடு. மாதக் கடைசியில், ஏழும் எட்டும் பதினைந்து என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அவசரமில்ல அண்ணி" என்றேன், அன்பாகத்தான்.

என் அண்ணன் டெய்லர். எதற்கு எவ்வளவு துணி வேண்டும் என்று அண்ணிதான் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இப்போது கடையில் ஒரு கால் முழங்காலோடு நின்றுபோன பேன்ட்கள் தொங்கின. ஒரு வாடிக்கையாளர், தங்கமான மனிதர், போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் காத்தோட்டமா இருக்கு" என்று வாங்கிப்போனார். மற்றவர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. அண்ணன் என்னிடம் வந்து புலம்பினார்.

"என்னடா ஆச்சு இவளுக்கு? ரொட்டியில பாதி குடுன்னா, பாதின்னா எவ்வளவுன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமாங்கறா."

"இப்பதாண்ணே ஆழமா யோசிக்க ஆரம்பிச்சிருக்காங்க."

அதுவும் பொய் இல்லை.

பள்ளியில் ஒரு பிள்ளை விடை சொன்னதும், "நீயே முடிவு பண்ணிக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதாராம். அதைக் கேட்டபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவரிடமிருந்து கணக்குப் பாடத்தை எடுத்துவிட்டு விளையாட்டு வகுப்பைக் கொடுத்தார்கள். அங்கே பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கத் தைரியம் வராமல் எல்லாரையும் ஒரே அணியில் விட்டார். எதிரணியே இல்லாததால் அவர்கள் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தார்கள்.

பழைய தேர்வுக்கு ஒத்திகை என்று பெயர் வைத்துவிட்டு, அசல் முதல் தேர்வை அப்போதுதான் நடத்தினேன். நூற்றுக்கு ஆறு. ஒரு பயிற்சியைத் தொடங்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. என்னிடம் இருந்த வித்தையையெல்லாம் இறக்கிப் பயிற்சி கொடுத்தேன். கடைசித் தேர்வில் முப்பத்தொன்று. ஐந்து மடங்குக்கும் மேல், ஐயா. மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள். வேலையும் நிரந்தரமானது. அண்ணியை மேடைக்குக் கூப்பிட்டு, மிக அதிகமாக முன்னேறிய ஆசிரியர் என்று சான்றிதழ் கொடுத்தோம். அவர் குரல் உடைந்து, "என் தம்பி மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்றார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டது என் பழக்கதோஷத்தால். எனக்குச் சட்டை தைக்க அளவெடுத்த அண்ணன், "தோள் பதினெட்டு" என்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே" என்று வாயில் வந்துவிட்டது. அவர் மறுபடி அளந்தார். பதினெட்டு. இன்னொரு தடவை அளந்தார். பிறகு அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மறுநாள் உங்களுக்குப் புகார் வந்தது.

ஆமாம், நூறிலிருந்து ஆறுக்கு இறக்கியது நான்தான். தெரிந்தே, வேண்டுமென்றே செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அண்ணி மறுபடி கணக்கு டீச்சராக இன்னும் அறுபத்தொன்பது மதிப்பெண் ஏற வேண்டும். பாவம், தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல் இருக்கிறார். இந்த நேரத்தில் என்னையும் அவரிடமிருந்து பிரித்துவிட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?