எதிர்க்கடை மூடிய பிறகு

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு முதல் நாள் காலை, ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் செவ்வந்திக் கூடை. பேச்சை அவள்தான் ஆரம்பித்தாள்.

“எதிர்ப் பூக்கடை மூடுனதுலதான் அக்கா நான் கெட்டேன்.”

“நீதானே வெலைய கொறைச்சு அவள ஓட வெச்ச?”

“ஆமா. ரூகிதான், கைக்காசு நட்டம், இருந்தாலும் முதலுக்குக் கீழ மாலை வித்தேன். அவ மூடுனதும் வெலைய ஏத்திக்கலாம்னு நெனைச்சேன்.”

“ஏத்துனியா?”

“எங்க? மலையிலேருந்து வர்ற பூ லோரி ரெண்டு கடைக்கும் சேத்துதான் வந்துச்சு. ஒரு கடைக்கு மட்டும் வந்தா எண்ணெக் காசுக்கே கட்டாதுன்னு நிறுத்திட்டான். இப்ப நானே பஸ் ஏறி ஈப்போவுல வந்து வாங்குறேன்லா.”

பேருந்து சமிக்ஞை விளக்கில் நின்றது.

“அவ இப்ப என்ன பண்றா?”

“நான் பூ வாங்குற மொத்தக் கடையிலதான் வேலை. எனக்கு எடை போடுறதே அவதான்.”

“ஏதும் சொல்லுவாளா?”

“திட்டுனாக்கூட தேவல. ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி பூவ கூடுதலா அள்ளிப் போடுறா அக்கா.”