வைனுக்குள் மணந்த வாவி

வாவி கடக்கும் சிறு படகில் எனக்கு முன்னால் இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் அம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தார். கண்டதும் மனதுக்குள் கும்பிட்டேன்.

"ஹோட்டல்ல புது வெள்ளை வைன் வந்திருக்கு மச்சான். வெயிலுக்குத் தோதான மலிவுச் சாமான். ருசி சொன்னாத்தான் எனக்கு வேலை நிரந்தரம் எண்டாங்க."

"காப்போட குடிச்சியாடா?"

"சீ, மணந்துதான் பாத்தன். மழை விட்ட விடியல்ல நம்மட வாவி மணக்குமே, அப்பிடி. பச்சை மாங்காய்த் தோலும் சேந்து. அதையே சொன்னன். மனேஜர் ஒரு மிடறு குடிச்சுப்போட்டுத் தலையாட்டினார். வேலை நிரந்தரமாயிட்டு."

"அப்ப காப்பு அவுத்தாப் பிறகு குடிச்சுப் பாப்பாய்."

காப்புக் கட்டியவர் வாவித் தண்ணீருக்குள் கையை விட்டு அளைந்தார்.

"பயமாக் கிடக்கு."

"தீ மிதிக்கிறவனுக்கு வைனில பயமோ?"

"தீயில அம்மா நிப்பா மச்சான். அந்த வைனுக்குள்ள வாவி இல்லாட்டி?"