கை எரியாத இரண்டு நாள்

எண்பதுகளில் ஒரு நாள், ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் சொன்னார்: “என் கிருமிங்க மேல தப்பில்ல, பாய்.”

நான் பேப்பரை மடித்துக்கொண்டேன். அவர் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்துக்காரர். அவர் பக்கத்தில் இருந்தவர் தோல் பதனிடும் ஷெட் மேஸ்திரி.

“முடி போறதுக்கு தோல சுண்ணாம்புல ரெண்டு நாள் ஊறப்போட்டுத்தான் பழக்கம், மேடம். நீங்க குடுத்த கிருமித் தண்ணியிலயும் ரெண்டு நாள் விட்டுட்டேன். முடியோட தோலும் கரைஞ்சி போச்சு.”

“ஒரு நாள் போதும்னேனே! ஒரு கிருமியோட குணத்த எடுத்து இன்னொண்ணுக்குள்ள வச்சிருக்கேன். முடிய கழட்டற சத்து அதுல ஜாஸ்தி சுரக்கும். எப்ப நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாது.”

“சுண்ணாம்புக்கு மட்டும் தெரியுதா?” மேஸ்திரி விரல்களை விரித்துக் காட்டினார். நகங்கள் பாதி அரித்துப் போயிருந்தன.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்தார். “முதலாளி இனிமே என்னை உள்ளயே விடமாட்டாரு.”

“விடுவாரு. நான்தான் மறதியா சுண்ணாம்பையும் கலந்துட்டேன்னு சொல்லிட்டேன். நல்லா ஏசினாரு.”

“பொய்யா? எதுக்கு பாய்?”

“அந்த ரெண்டு நாளும் என் கை எரியல, மேடம்.”