நம்பத் தகுந்த மூக்கு

திருவொற்றியூரில் மின்சார ரயில் கிளம்பாமல் நின்றது. என் எதிரே, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையோடு ஒரு பெண். பக்கத்தில் காலி மீன்கூடையோடு அவள் அம்மா.

“என் மூக்கு சாட்சிக்கு ஆவாதாம்மா,” என்றாள் மகள். பக்கத்தில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“எவன் சொன்னான்?”

“ஜர்னலிசம் சாரு. நம்ப தெருவுல கம்பெனி கேஸ் நாத்தம் வந்து எல்லாரும் வாந்தி எடுத்தத எழுதிக் குடுத்தேன். நம்பத் தகுந்த வட்டாரம் சொல்லணும்னு செவப்பு பேனால அடிச்சிட்டாரு.”

“நம்ப வட்டாரந்தானே சொல்லுச்சு? தெருவே கத்துச்சே!”

“நம்ப வட்டாரம் இல்லம்மா, நம்பத் தகுந்த வட்டாரம். கம்பெனி ஆபீசரு மாறி.”

“அவரு வூடு எங்க கீது?”

“அண்ணா நகரு.”

“அங்க குந்திகினே மோந்து பாத்துட்டாரா? நல்ல நீள மூக்குதான்.”

“போன்ல கேட்டேன். அப்டி எதுவுமே நடக்கலன்னாரு. அத எழுதினதும் பத்துக்கு எட்டு மார்க்கு.”

“அப்ப நான் எடுத்த வாந்தி?”

“அது வதந்தி.”

ரயில் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக அந்த நாற்றம் உள்ளே வந்தது. பெட்டியில் இருந்த எல்லோரும் துப்பட்டா, கைக்குட்டை, முந்தானை என்று கிடைத்ததைக் கொண்டு மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

அந்த அம்மா மட்டும் பொத்தவில்லை. எங்களைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார்:

“இன்னாத்துக்கு மூக்க மூடிகினு கீறீங்கோ? அண்ணா நகர்லேர்ந்து இன்னும் ஒன்னும் சொல்லல!”