துடைக்காத தகடு

சிப்ரன் கொண்டுவந்த ஆப்பிள் கேக் அன்று நன்றாகத்தான் இருந்தது. நெதர்லாந்தில், எங்கள் ஐந்தோவன் நகரில், பிறந்தநாள்காரர்தான் எல்லோருக்கும் கேக் வாங்கித் தர வேண்டும். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

சிப்ரன் எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவர். உயர் அழுத்த மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகப் பாய்ச்சினால், ஊதா நிற மின்னிழைகள் காற்றில் கிளம்பிப் பிளாஸ்டிக் தகட்டின் மேல் படர்ந்தோடும். இழைகள் அணைந்தபிறகும் தகட்டின் மேல் மின்னூட்டம் தங்கிவிடும். மணிக்கணக்கில் தங்கும் என்பது என் முடிவு. ஒரு நிமிடத்தில் போய்விடும் என்பது அவருடைய பிடிவாதம். என் நான்கு வருட உழைப்பை அவர் வெளியிடவே விடவில்லை.

அன்று கேக்கை வெட்டிக்கொண்டே எல்லோர் முன்னாலும் கேட்டார்: "வில்லெமைன், தினமும் இந்தக் கையாலதானே அந்தத் தகட்டைத் தொடறேன்? எங்கேம்மா உன் மின்னூட்டம்? லீவு போட்டுட்டுப் போயிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தக் கைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை தெரியுமா? உயரத்தில் மாட்டியிருக்கும் அந்தத் தகட்டைப் பார்க்க அவர் ஏணியில் ஏறுவதற்கு முன் தினமும் நான் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தகட்டைத் துடைத்துவிடுவேன். துடைத்தால் மின்னூட்டம் போய்விடும். வெட்டி வேலை, நிறுத்து என்று எப்போதோ சொன்னவர் அவர்தான். அவருக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் அவர் சொன்னபடியே நடந்தேன். வழக்கத்தைவிட அதிகமாகப் பாய்ச்சினேன், துடைக்கவில்லை. உலோகப் பாகங்களை மட்டும் முறைப்படி எர்த் செய்தேன்; பிளாஸ்டிக்கின் மேல் தங்கிய மின்னூட்டம் அதனால் போகாது. "எர்த் பண்ணியாச்சு, ஏறலாம்" என்று குரல் கொடுத்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கை பட்டதும் பளீரென்று ஒரு வெடிப்பு. அந்த ஷாக் யாரையும் கொன்றுவிடாது. ஆனால் ஏணி உயரம், கீழே சிமென்ட் தரை. விழுந்தார். விழுவார் என்று எனக்கு முன்பே தெரியும். இதை நான் ஒளிக்கவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏன் அவ்வளவு தாமதம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தகட்டின் மறுபாதியில் மிச்சமிருந்த மின்னூட்டத்தை அளக்க வேண்டாமா? அளந்தேன். என் கணக்கு அப்படியே சரியாக இருந்தது.

மீட்டரைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இப்பவாவது ஒத்துக்கறீங்களா, சிப்ரன்?"

உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. உதவி கேட்டிருப்பார் என்கிறீர்கள். நீங்கள் அங்கே இல்லை, இன்ஸ்பெக்டர். அவர் ஒத்துக்கொண்டார்.