மூணு எண்ணிட்டுப் போடு

ஹலோ... அக்கா! கிளாஸ்ல இருக்கியா?... ஆமா, ஆமா, நல்லா இருக்கா. டாக்டர் பிரசவம் திங்கக்கிழமைன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்... இல்லக்கா, ஆஸ்பத்திரியில இல்ல. சாப்பாட்டு நேரத்துல புத்தகக் கடைக்கு வந்திருக்கேன்.

கையில ரெண்டு புத்தகம். ஒண்ணு ஸ்ப்ரெட்ஷீட், ஒல்லியா இருக்கு. இன்னொண்ணு புரோகிராமிங். ஆயிரத்து நூறு பக்கம், தூக்கினா தோள்பட்டை இறங்குது. எதை வாங்கட்டும்?... எதுக்கா? பிள்ளை பொறக்கறப்போ லீவு எடுக்கத்தான்.

சிரிக்காதே. நீ காலேஜ்ல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறவ, உன்கிட்ட சொல்லவே வெக்கமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு... மாமாகிட்டயும்!... சரி. காலையில ஒரு ஷீட்டோட லிங்க் அனுப்பினேன்ல? ஆமா, எங்க தலையணை ஃபேக்டரி ஸ்டாக். அடியில மொத்தம்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு. அது தானா கூட்டல. நான்தான் கூட்டறேன்.

...கால்குலேட்டர்லதான்! தையல் பக்கத்து மேஸ்திரி அங்க உறை முந்நூறுன்னு தட்டினா, இங்க என் ஸ்கிரீன்ல தெரியும். டக்குனு கூட்டி, மொத்தத்தைக் கையால மாத்திடுவேன். மூணு செகண்டு. நெட் கொஞ்சம் ஸ்லோன்னு நினைச்சுக்கறாங்க... ஆறு வருஷமா... ம்... ம்... திட்டு. நல்லாத் திட்டு.

சேர்ந்த அன்னிக்கு மேனேஜர் "ஃபார்முலா போடத் தெரியுமா"ன்னு கேட்டார். தெரியும்னுட்டேன். சாயந்திரம் கத்துக்கலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் புலிவாலைப் பிடிச்ச கதைதான். ஒரு நாள் லீவு போட்டா குட்டு உடைஞ்சிடுமே... ஆமா, பெரியவ பொறந்தப்போகூட! அன்னிக்கு ரெண்டு லோடு பஞ்சு இறங்கிட்டிருந்துச்சு. நான் போறதுக்குள்ள எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் பிள்ளையைப் பார்த்தாச்சு. அப்பன்தான் கடைசி ஆள். இந்தத் தடவை விடமாட்டேன்க்கா. வேலையே போனாலும் சரி... இல்ல, இல்ல, வேலை போகக்கூடாது.

என்ன?... ஒல்லிப் புத்தகத்துல கூட்டல்னு போட்ட பக்கமா? ஒம்பதாம் பக்கம். இரு... ஆமா, இருக்கு. சமம் போட்டு... அடைப்புக்குறி... அவ்வளவுதானா?

...அவ்வளவேதானா?

அண்ணே, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க... கடைக்காரர்கிட்ட சொன்னேன்க்கா. உக்கார்ந்துட்டேன். வெண்ணெயை வச்சுக்கிட்டு ஆறு வருஷம் நெய்க்கு அலைஞ்சிருக்கேன்.

ஆனா இது பத்தாதுக்கா. பெரிய புத்தகம்தான் வேணும்... ஏன்னா இது உடனே கூட்டிடுமே! எங்க ஆளுங்களுக்கு மூணு செகண்டுதான் பழக்கம். எனக்கு ஜலதோஷம்னா அஞ்சு. ஒண்ணுலேர்ந்து ஒன்றரை வரைக்கும் அசையவே கூடாது, அது நான் சாப்பிடற நேரம். "மதியம் மெஷினுக்கு ஓய்வு"ன்னு மேனேஜரே எழுதி ஒட்டியிருக்கார். மேஸ்திரி நாப்பது ஜிப்பை நானூறுன்னு அடிப்பார், அதை நாப்பதாவே கூட்டணும். இதெல்லாம் எந்த அத்தியாயத்துல வரும்?... வராதா? ஆயிரத்து நூறு பக்கத்துலயும் வராதா?

என்ன பண்ணின?... பார்க்கத்தானே அனுப்பினேன், யாரு உன்னை ஃபார்முலா போடச் சொன்னா? மணி ஒண்ணு இருபது! அது ஓய்வெடுக்கற நேரம்க்கா!... இரு, இரு, மேனேஜர் கூப்பிடறார். லைன்லயே இரு.

...அக்கா. குடியைக் கெடுத்துட்டே. எல்லாரும் வேலையை விட்டுட்டு ஸ்கிரீனைச் சுத்தி நிக்கறாங்களாம். மேஸ்திரி ஒவ்வொரு நம்பரா தட்டறாராம், கையை எடுக்கறதுக்குள்ள மொத்தம் மாறுதாம். வைரஸ்ங்கறார் மேனேஜர். "பழையபடி ஆக்குங்க, உடனே வாங்க"ன்றார்... நீ சொல்றது சரிதான்க்கா, இப்பதான் அது ஒழுங்கா ஓடுது. அதை அவர்கிட்ட யார் சொல்றது?

இரு, மாமியார் கூப்பிடறாங்க... ஹலோ... அக்கா! வலி வந்துடுச்சாம்! உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்! திங்கக்கிழமைன்னாங்களே!

...அழலக்கா. மூச்சு வாங்குது. ஃபேக்டரி இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், நடுவுல நான் ஸ்டூல்ல உக்கார்ந்திருக்கேன்.

அக்கா. அந்த ஃபார்முலாவை அழி... அழிக்கா! கால்குலேட்டர் இருக்கா?... போன்லயே இருக்கும் பாரு. இன்னிக்கு மட்டும் நீ கூட்டு... தெரியும், தெரியும், நீ பிஎச்.டி. உன் கால்ல வேணா விழறேன். இந்தப் பிள்ளை மூஞ்சியையாவது முதல்ல நான் பார்க்கறேன்க்கா.

...அப்படிச் சொல்லு! அண்ணே, ரெண்டு புத்தகமும் வேணாம், மன்னிச்சுக்குங்க... டாக்ஸி! டாக்ஸி!... ஆமா, ஏறிட்டேன். மணி ஒன்றரை ஆச்சா? இனிமே ஆரம்பிக்கலாம். என்ன வந்திருக்கு?... ஜிப் நானூறா? அது நாப்பது. கூட்டிட்டியா? போடாதே! எண்ணு. ஒண்ணு... ரெண்டு... மூணு... ம், இப்ப போடு.

...இரு, மேனேஜர் மெசேஜ். "மெஷின் பழையபடி ஆயிடுச்சு. எங்கிருந்து சரிபண்ணினீங்களோ, நீங்க மேதை சார்." அக்கா, மேதையாம்! பிரசவம்னு போட்டுடறேன்... உடனே பதில் வந்துடுச்சு! "வாழ்த்துகள். கவலையில்லாம பதினஞ்சு நாள் லீவு எடுத்துக்குங்க"ன்றார்.

பதினஞ்சு நாள்க்கா!

...அக்கா?

...ஹலோ? லைன்ல இருக்கியா?... ஹலோ?